பெயர்ச்சீட்டு இல்லாத நாற்றுகள்

பெயர் தெரிந்தால்தான் செடியைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது பாதி உண்மைதான். நர்சரியிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாமல் கறுப்புப் பையில் வரும் பூ நாற்றுகளில், காசித்தும்பைக்கு ஈரம் வேணும். பத்துமணிப்பூவுக்கு அதே ஈரம் எமன், வேர் அழுகிவிடும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளப் பெயர் எதுக்கு? ஒன்றின் தண்டு நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி இருக்கு, வெயில் ஏறினால் இலை துவளுது. மற்றதன் இலை சின்னதாய், உருளையாய், தனக்கான தண்ணீரைத் தானே சேர்த்து வைத்திருக்கு. குந்தி உட்கார்ந்து பார்த்தால் செடியே சொல்லிவிடும்.

லின்னேயஸ் 1753-இல் காசித்தும்பையை 'இம்பேஷன்ஸ் பால்சாமினா' என்று பதிவுசெய்தார். முதல் சொல்லுக்குப் பொறுமையற்றது என்று பொருள். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதையைச் சிதறடிக்கும். யாரோ தொட்டுப் பார்த்ததால் வந்த பெயர் அது. இன்று கைப்பேசிச் செயலி சில நொடியில் அதைச் சொல்லிவிடுகிறது. நாம் காயைத் தொடுவதில்லை.

பெயர்கள்மீது எனக்குள்ள சந்தேகம் இதுதான். எங்கள் கட்டுமானத் தளங்களில் 'பங்களா' என்ற ஒரு சொல் போதும். எதிரே நிற்பவரின் ஊர், முதுகுவலி எதையும் கேட்க வேண்டியதில்லை, எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

காசித்தும்பைக்கு ஆயுசே சில மாதம்தான். சரியான பெயரைத் தேடி முடிப்பதற்குள் காய்த்து ஓய்ந்துவிடும். தண்ணீர் இன்று சாயங்காலமே ஊற்றணும்.