தூரமும் சிரமமும்

ஜகார்த்தாவிலிருந்து ஜித்தாவுக்கு ஆகாய மார்க்கம் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். பருவக்காற்றுக்குக் காத்திருந்து, மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் கிடந்து ஹஜ்ஜுக்குப் போன ஜாவா முஸ்லிம்களின் சந்ததியார் இன்று சாய்ந்து உட்கார்ந்தபடியே அதைச் சுமார் 10 மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். பிரயாணியின் சிரமத்தை உத்தேசித்து நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ள இஸ்லாம் அளித்த சலுகை, சிரமமே அற்றுப்போன இப்பிரயாணத்துக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானதே.

இந்தோனேசியாவிலும், நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் அனுஷ்டிக்கப்படும் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின்படி, சலுகைக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா. அதாவது பாரம் சுமந்த ஒட்டகம் இரண்டு நாளில் நடந்து தீர்க்கும் வழி. இக்காலக் கணக்கில் அது 80 கிலோமீட்டர் சொச்சம். உயரே ஏறிவிட்ட விமானத்துக்கோ ஐந்தாறு நிமிஷம். ஆனால் விமானத்தைக் கனவிலும் காணாத 13ஆம் நூற்றாண்டிலேயே, டமாஸ்கஸில் போதித்துவந்த இமாம் நவவி தமது ‘மின்ஹாஜ்’ நூலில், கடல்வழியே ஒருவன் அத்தூரத்தைச் சொற்ப நேரத்தில் கடந்தாலும் அவன் பிரயாணியே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சிரமத்தைக் குறைப்பது சலுகையின் நோக்கம். அதன் ஹேதுவோ பிரயாணம். தான்ஜுங் பிரியோக் துறைமுகத்தில் வெயிலில் மூட்டை சுமப்பவன் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட விமானப் பிரயாணி படுவதில்லை. எனினும் சுருக்கித் தொழும் உரிமை இவனுக்கே உண்டு, அவனுக்கு இல்லை. இதில் அநியாயம் தொனிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவரவர் அலுப்பை அவரவரே நிறுத்துச் சலுகை எடுத்துக்கொள்வது என்றால், சோம்பேறி தினந்தோறும் பிரயாணியாகிவிடுவான். மனச்சாட்சிக்கு அஞ்சுகிறவனோ நடுப் பாலைவனத்திலும் தனக்குச் சலுகை இல்லையென்றே எண்ணுவான். தூரம் ஊரறிந்த அளவு. ஆகவே சட்டம் அதைப் பிடித்துக்கொண்டது சரியென்றே எனக்குப் படுகிறது.

நோன்பின் விஷயம் சற்று விசித்திரமானது. ரமலானில் ஜகார்த்தாவில் நோன்பு வைத்துவிட்டு, நண்பகலில் மேற்கு நோக்கிப் பறப்பவன் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறான். ஜித்தாவின் கடிகாரம் 4 மணி நேரம் பிந்தியது. கீழே உள்ள ஊரில் மக்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டாலும், ஜன்னலுக்கு வெளியே சூரியன் தெரியுமளவும் அவன் நோன்பு திறக்கலாகாது. சொந்த ஊரில் சுமார் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய நோன்பு பதினேழு, பதினெட்டு மணி நேரமாக நீள்கிறது. தொழுகையைப் பாதியாக்கிய அதே பிரயாணம் நோன்பை நீட்டிவிடுகிறது!

வைகறைக்கு முன்பே புறப்பட்டிருந்தால் நோன்பை விட்டுப் பின்னொரு நாள் நோற்க அவனுக்கு அனுமதி உண்டு. அங்கும் தூரமே அனுமதியை வழங்குகிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவது சிறப்பா, நோற்பது சிறப்பா என்று வரும்போது, உடலுக்குத் தீங்கில்லாதவன் நோற்பதே மேல் என்று ஷாஃபி அறிஞர்கள் கூறி, சிரமத்தை நிறுக்க முன்பு அவன் கையில் கொடுக்காத அந்தத் தராசை இங்கே அவனிடமே கொடுத்துவிடுகிறார்கள்.