கொடுப்பவன் இல்லாத தர்மம்

ஸமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் கப்பலேறி, ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பின்னும் சமுத்திரத்தையன்றி வேறொன்றும் காணாமல் வடக்கே செல்லும் பிரயாணிக்கு, டோக்கலாவ் தீவுகள் முதலில் நிலமாகத் தோன்றுவதில்லை, அடிவானத்துத் தென்னை வரிசையாகவே தோன்றுகின்றன. அடாஃபு, நுகுநோனு, ஃபகாவோஃபோ என்னும் அம்மூன்று பவழத்தீவுகளின் நிலப்பரப்பு, எல்லாம் சேர்ந்தும் 13 சதுர கிலோமீட்டருக்குள் அடங்குவது. விமானத்தளம் இல்லை, கப்பல் வெளியே நிற்க, படகில்தான் கரை சேரவேண்டும், ஊர் மூத்தோர் சபையின் அனுமதியும் முன்னரே பெற்றிருத்தல் அவசியம்.

இத்தனை பிரயாசைக்கும் ஈடாக அங்கே காணத்தக்கது கடலின் எழிலன்று, 'இனாத்தி' என்னும் வழக்கமே என்பது என் துணிபு. ஊரார் கூடிப் பிடித்த மீன் முழுவதும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, வீட்டிலுள்ள தலைகளை எண்ணிக் குடும்பந்தோறும் பங்கிடப்படுகிறது. வலை வீசியவனும், படகேற இயலாத கிழவியும் அந்தக் கணக்கில் சமானமே.

ஈகையைப் போற்றாத சமயம் இல்லை. ஆயினும், கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழுமாக இருக்கும்வரை, அகங்காரம் ஒரு பக்கமும் கூச்சம் மறுபக்கமும் தங்கியே தீரும். பிரதிபலன் கருதாது, கடமையென்றே கொடுப்பதைச் சாத்துவிக தானம் என்று கீதை வகுத்தது. ஆனால் அந்தச் சுத்தியை ஒவ்வொருவனும் தன் உள்ளத்தோடு தனியே போராடியே பெறவேண்டியிருக்கிறது. இனாத்தியிலோ கொடுப்பவன் என்று ஒருவன் இல்லாமையால், அவனுடைய அகங்காரத்திற்கும் இடமில்லை. கிழவி பெறுவது பிச்சையன்று, பாத்தியதை.

கட்டாயத்தில் புண்ணியம் ஏது என்று கேட்கலாம். வெப்பநாட்டில் மீன் அழுகிவிடும், சேமிக்க முடியாதவன் பகிர்கிறான், இதில் தர்மம் எங்கே என்றும் கேட்கலாம். தேவையிலே பிறந்தது என்பதனால் ஒரு நெறி தாழ்ந்துவிடுவதாக நான் கருதவில்லை. பசியிலிருந்து பிறவாத தர்மம் உலகில் அபூர்வம். பங்கு குறைவென்று அறிந்தும் கைதேர்ந்த மீனவன் மறுநாளும் கடலுக்குச் செல்கிறானே, அவனுடைய சம்மதம் அங்கே இருக்கிறது.

எனக்குள்ள கவலை வேறு. சர்க்கார் உத்தியோகமும் மாதச் சம்பளமும் அத்தீவுகளுக்கு வந்துவிட்டன. பணம் அழுகுவதில்லை; ஊரார் கண்முன் குவிவதுமில்லை. மீனைப் பொதுவென்று கொண்ட மனம், அதே நேர்மையோடு சம்பளத்தையும் பொதுவென்று கொள்ளுமா என்பதே, அங்கே செல்லும் பிரயாணி மூத்தோர் சபையின் முன் அமர்ந்து பணிவோடு கேட்டுவரவேண்டிய கேள்வி.