மிச்சமிருந்த கைகள்



ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டு. மாலை, பார்வையாளர் நேரம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர். மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு மூன்று வாரம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரைப் பார்க்கச் சபையிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். ஒரு பையில் சாத்துக்குடி, ஒருவர் கையில் வேதாகமம். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள்.

அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஜெபம் முடிந்ததும் ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "தம்பி, ஆண்டவர் காரணமில்லாம எதையும் செய்யமாட்டார். உங்களைப் பெரிசா எடுத்துப் பயன்படுத்தப்போறார், அதான் இந்தச் சோதனை." பக்கத்திலிருந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் மனசுல இருந்தா சொல்லிடுங்க தம்பி" என்றார். தையல்காரர் பதில் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வந்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்தவர்கள். ஆனாலும் இப்படிப்பட்ட கட்டிலருகே நிற்கும்போது வேலூரின் கதை ஒன்றை நினைத்துக்கொள்வது நல்லது.

1954ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து வண்டியில் வெளியூர் புறப்பட்டார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிக்குப் பக்கத்தில் செராயில் 1925இல் பிறந்தவர். முப்பது வயதைத் தொடவில்லை. முகத்தில் ஆழமான காயம். முதுகுத்தண்டு முறிந்து இரண்டு கால்களும் செயலிழந்தன.

அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பலரைக் கொன்றது எலும்பு முறிவு அன்று. பின்னால் வரும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். மேரிக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தன் உடம்புக்கு இனி என்னென்ன வரும் என்று படித்துத் தெரிந்த ஒருவர் நோயாளியாகப் படுத்திருப்பது தனித் துயரம்.

வேலூர் மருத்துவமனை ஜெபத்துக்குக் குறைவில்லாத வளாகம். மிஷனரி ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி வளர்த்த இடம். அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் பால் பிராண்ட். ஆங்கிலேய மிஷனரிகளின் மகன், 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1929இல் அவருடைய தகப்பனார் அந்த மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது பால், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். ஏன் இப்படி என்ற கேள்வி அவருக்கும் புதிதல்ல.

அவர் மேரியிடம் மறுபடியும் மருத்துவராக வேலை செய்வதைப் பற்றிப் பேசினார். கால்கள் போனாலும் கைகள் முழுசாக இருந்தன. கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தால் என்ன, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன?

யாருடைய கைகளில் சிகிச்சை? தொழுநோயாளிகளின் கைகளில். பெருவியாதி என்று ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்கள். அந்த நோயின் கிருமி முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. விரல்களை நீட்டும் சின்னத் தசைகள் செத்துப்போகின்றன. விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. ஆனால் முன்னங்கையில் நல்ல தசைகள் மிஞ்சியிருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து, வழிமாற்றி, விரல்களோடு இணைத்துத் தைப்பது பிராண்ட் வேலூரில் வளர்த்தெடுத்த முறை. தைத்தவுடன் கை வேலை செய்யாது. பழைய தசைக்குப் புது வேலையை வாரக்கணக்கில் பழக்கவேண்டும். அதன் பிறகு ஒருநாள் அந்த மனிதர் தம் கையாலேயே சோற்றைப் பிசைந்து உண்பார்.

மேரி இந்த நுணுக்கமான வேலையைக் கற்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அவருக்கும் எதிரே கையை நீட்டியவருக்கும் இடையே வேறு மருத்துவர் யாருக்கும் இல்லாத உறவு ஒன்று இருந்தது. தொழுநோயாளிக்கு விரலில் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், முள் ஏறினாலும் தெரியாது. அதனால் நாள்தோறும் கையைக் கண்ணால் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். மேரிக்கும் இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. அடிக்கடி உடம்பை நாற்காலியிலிருந்து தூக்கிக்கொள்ளாவிட்டால் புண் வந்துவிடும். வலி இல்லாத உடம்போடு வாழ்வது எப்படி என்பது அந்த அறையில் இருவருக்குமே தெரிந்திருந்தது.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் பயிற்சி. அதன்பின் நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மேற்படிப்பு. அங்கிருந்து வேலூருக்கே திரும்பினார். 1966இல் வேலூரின் பாகாயம் பகுதியில், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பழகிக்கொள்ள ஒரு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் மறைந்தார். அங்கே பழகிச் சென்றவர்கள் இன்றும் ஆண்டுதோறும் சக்கர நாற்காலிகளில் திரும்பிவந்து கூடுகிறார்கள். விளையாட்டுப் போட்டிகள்கூட நடக்கின்றன.

மேரி வர்கீஸ் மறுபடி நடக்கவேயில்லை. ஆலய மேடைகளில் நாம் ஆவலோடு கேட்கும் சாட்சிகளின் வரிசையில் இந்தக் கதை சேராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963இல் மேரியின் வாழ்க்கையை எழுதியபோது, "என் கைகளை எடுத்துக்கொள்ளும்" என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கால்களைத் தாரும் என்று தொடங்கியிருக்கக்கூடிய ஒரு ஜெபம் வந்து நின்ற இடம் அது.

வேதாகமத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் மூவரை நாம் எளிதாகக் குறைசொல்கிறோம். அவர்கள் முதலில் செய்தது எவ்வளவு பெரிய காரியம்! ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. முடிவில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான், குமுறி அழுது கேள்வி கேட்ட யோபுவை அல்ல. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் சீஷர்கள் மூவரிடம் கேட்டதும் விளக்கம் அல்ல. கூட விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

துன்பத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும் பாரத்தை முழுவதும் துன்பப்படுகிறவர் தலையிலேயே நாம் ஏற்றிவைக்கிறோம். அழுதால் அவிசுவாசம், ஏன் என்று கேட்டால் முறுமுறுப்பு. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதைப் பரிசுத்த வேதாகமத்துக்குள் வைத்திருக்கும் ஆண்டவரைவிட நாம் ஏன் கண்டிப்பாக இருக்கவேண்டும்? கட்டிலருகே போகிறவர்கள் தேவசித்தத்தை விளக்கும் பொறுப்பைத் தேவனிடமே விட்டுவிட்டால் போதும். மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகலாம். மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓர் இரவு துணை படுக்கலாம். பால் பிராண்ட் செய்ததுபோல, அந்த மனிதரிடம் மிச்சமிருப்பது என்ன என்று பார்க்கலாம்.

அந்த வார்டில் சபையார் போன பிறகு, அடுத்த கட்டில் நோயாளியின் மகன் ஒரு சட்டையோடு வந்து நின்றான். "அண்ணே, பட்டன் தெறிச்சுப்போச்சு. ஊசி நூல் கீழ கடையில வாங்கியாந்துட்டேன். தச்சுத் தரீங்களா?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெல்லத் திரும்பியது. தலையணையை அண்டக்கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் நூலைச் சட்டைத் துணியின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த நூல் சேராது தம்பி. இன்னும் கொஞ்சம் கருநீலமா வேணும்."

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.