உடன்பிறப்பும் அறமும்

செஞ்சோற்றுக் கடன் தீர்க்கக் கும்பகருணன் அண்ணனுடன் நின்றான். அறம் நாடி வீடணன் பிரிந்தான். உடன்பிறந்தாரைப் பிரிக்கும் அவ்வினா, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் எழுந்தது. கெண்டக்கி மாநிலத்துச் செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் புதல்வருள் ஜார்ஜ் தென்படையிலும் தாமஸ் வடபடையிலும் தளபதிகளாயினர்.

ஹாலிவுட்டின் குறைந்த செலவுப் படங்கள் சில இத்தகைய பிளவைக் கதையாக்கின. 1951இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் அவுட்போஸ்ட்’ அவற்றுள் ஒன்று. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன் இதில் தென்படை அதிகாரி. அவருடைய சகோதரராக வரும் புரூஸ் பென்னட் வடபடை அதிகாரி. அப்பாச்சிப் பழங்குடியினர் தாக்கும்போது தென்படையினர் விரைந்து வந்து வடபடையினரைக் காக்கின்றனர். சகோதரர் இணைகின்றனர், காண்போர் நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆயின், அவ்விணக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யாவர்? பொதுப்பகையாக நிறுத்தப்பட்ட பழங்குடியினரே. யார் பக்கம் நீதி என்னும் வினா விடையின்றியே நழுவிவிடுகிறது. போரின் வேராகிய அடிமைமுறையும் மறைந்துவிடுகிறது.

தந்தை கிரிட்டெண்டன் 1860 டிசம்பரில் முன்வைத்த சமரசத் திட்டமும் இத்தகையதே. நாடு பிளவுறாதிருக்க, தென்பகுதியில் அடிமைமுறைக்கு அரசியலமைப்பின் காப்பு அளிக்க அது முற்பட்டது. வெள்ளையர் இரு சாராரும் கைகோக்க, கறுப்பின மக்கள் விலங்கோடு இருந்திருப்பர். அத்திட்டம் தோற்றது, போர் மூண்டது.

சகோதர பாசம் உயர்ந்ததே, ஒற்றுமையும் உயர்ந்ததே. எனினும், மூன்றாமவர் தோளில் சுமையேற்றிப் பெறும் ஒற்றுமை அறமாகாது. ‘யாருடன் நிற்பது?’ என்பதற்கு முன் ‘எதற்காக நிற்பது?’ என்று வினவுதல் வேண்டும். வீடணன் வினவியதும் அதுவே.