எறும்புப் புற்றை இடிக்கலாமா?

எறும்பைக் கொல்லலாமா என்று கேட்டால், நம் வீட்டுச் சிறுவர்கள் கூட, "கூடாது, பாவம்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். மதரஸாவில் கற்றுக்கொண்டது அது. எறும்பின் புற்றை இடிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே சற்று யோசிப்பார்கள். ஓர் உயிரைக் கொல்வது ஒன்று, அது குடியிருக்கும் இடத்தையும் தின்னும் உணவையும் இல்லாமலாக்குவது வேறொன்று என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். முன்னதுதான் குற்றம், பின்னது நம் சொந்த இடத்தில் நாம் செய்துகொள்ளும் வேலை! இவ்வெண்ணம் சரிதானா என்பதை மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸை நம்மில் கேளாதவர் இருக்க முடியாது. ஒரு பெண் பூனை ஒன்றை அடைத்து வைத்தாள். அதற்குத் தீனியும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. பூனை செத்தது. அதற்காக அவள் வேதனைக்குள்ளானாள். பூனையிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதற்கு இதை எடுத்துச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவள் செய்தது என்ன? அடித்தாளா? நஞ்சு வைத்தாளா? ஓர் உயிருக்கும் அல்லாஹ் அதற்கு அளித்த ரிஸ்குக்கும் நடுவே ஒரு கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். கையில் இரத்தம் படவில்லை. ஆனாலும் அவள் தப்பவில்லை. நாம் கண்டால் முகம் சுளிக்கும் புழு பூச்சிகள் இங்கே ஒரு பூனையின் உணவாகப் பேசப்படுவதையும் கவனியுங்கள்.

முன்சென்ற நபிமார்களில் ஒருவரை எறும்பு ஒன்று கடித்துவிட, அவர் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்தது ஒன்று, அதற்காக, என்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். இந்த ஹதீஸின் அரபி வாசகத்தில் புற்றைக் குறிக்க வந்திருக்கும் சொல் 'கர்யா' என்பது. ஊர் என்று பொருள். நம்முடைய ஊரைச் சொல்லும் அதே சொல்தான் எறும்பின் ஊருக்கும்.

ஸூரத்துந் நம்லில் வரும் எறும்பை எல்லோரும் அறிவோம். ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு, உங்கள் வீடுகளுக்குள் நுழைந்துகொள்ளுங்கள் என்று அது தன் கூட்டத்தாரை எச்சரிக்கிறது. எறும்புக்கும் வீடு உண்டு என்பது இறைவாக்கிலேயே இருக்கிறது. அதைவிட என்னைச் சிந்திக்க வைப்பது அதன் பேச்சின் கடைசிப் பகுதி. படையினர் 'அறியாமலே' நம்மை மிதித்துவிடக் கூடாது என்கிறது அது. கொடியவர்கள் வருகிறார்கள் என்று சொல்லவில்லை. அறியாமல் நேரக்கூடியது என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறது. அறியாதவனுக்கு எறும்பு கொடுத்த சலுகை இது. அறிந்தவனுக்கு யார் கொடுப்பார்?

நம் இமாம்கள் இவ்விஷயத்தை உபதேசத்தோடு விட்டுவிடவில்லை, சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'ரவ்ளா'வில், மனைவி மக்களுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்தைப் பேசும் பகுதியின் முடிவில், தேனீயும் பட்டுப்புழுவும் வருகின்றன. தேன் எடுப்பவன் கூட்டில் தேனீக்களுக்கென்று கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். அவை வெளியே போக முடியாத குளிர்காலமானால் அதிகமாக விட வேண்டும். பட்டுப்புழு முசுக்கொட்டை இலையால் வாழ்வது. அதைத் தின்ன விட வேண்டும். இலைக்குத் தட்டுப்பாடு வந்து, உடையவன் கவனியாமல் இருந்தால், அவன் சொத்தை விற்றாவது இலை வாங்கிப் போட வேண்டும்! புழுவுக்காக மனிதனின் சொத்து விற்பனைக்கு வருகிறது. அதே இடத்தில், பட்டு எடுக்கும் காலம் வந்ததும் கூட்டை வெயிலில் காய வைக்கலாம், புழு செத்தாலும் சரி என்றும் அனுமதிக்கிறார்கள். பயனுக்காகச் சாகலாம், பராமரிப்பின்றிப் பட்டினியால் வீணே சாகக் கூடாது.

இது வளர்க்கும் உயிர்களுக்கான சட்டம், தானாகத் திரியும் பூச்சிக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலை வாங்கிப் போடும் கடமை அங்கே நமக்கு இல்லைதான். அவற்றுக்கு அல்லாஹ்வே இலையை முளைக்க வைத்திருக்கிறான். ஆனால் அந்த இலை முளைக்கும் நிலம் நம் கையில் அல்லவா இருக்கிறது?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பெரிய நீல வண்ணத்துப்பூச்சி என்று ஓர் இனம் இருந்தது. அது காட்டு ஓமம் போன்ற 'தைம்' என்னும் செடியின் பூவில் முட்டையிடும். புழு சில வாரங்கள் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சென்று நினைத்துப் புற்றுக்குள் தூக்கிச் செல்லும். சுமார் பத்து மாதங்கள் அங்கேயே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கோடையில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். படைத்தவனின் ஏற்பாட்டை என்னவென்பது! இந்த இனம் குறையத் தொடங்கியபோது, பிடிப்பவர்களால்தான் குறைகிறது என்று நல்லெண்ணத்தோடு வேலி போட்டார்கள். வேலி மனிதரோடு ஆடுமாடுகளையும் தடுத்தது. 1950-களில் ஒரு நோய் வந்து முயல்களும் மடிந்தன. மேய்வார் இல்லாமல் புல் சில விரற்கடை உயர்ந்தது. வெயில் படாமல் மண் குளிர்ந்தது. அந்தச் செவ்வெறும்பு மறைந்தது. 1979-ல் அந்நாட்டில் அந்த வண்ணத்துப்பூச்சியே இல்லாமற் போயிற்று. ஒருவரும் அதைக் கொல்ல நினைக்கவில்லை, காப்பாற்றவே நினைத்தார்கள். ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அவற்றின் நடுவே இருந்து உண்மையைக் கண்டறிந்தார். பின் மேய்ச்சலை மீண்டும் ஏற்படுத்தி, 1983-ல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே அது மறுபடி பறக்கிறது.

புல்லின் உயரம் ஓர் உயிருக்கு வாழ்வும் சாவுமாகிறது. நல்ல நிய்யத் இருந்தது. அறிவு பிந்தி வந்தது.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரை டப்பாவில் ஏறும் எறும்பையும் கூரையை அரிக்கும் கரையானையும் என்ன செய்வது என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். மார்க்கம் கண்மூடித்தனமான இரக்கத்தைச் சொல்லவில்லை. தேளை ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லலாம். தீங்கு செய்யாத பெரிய 'ஸுலைமானி' எறும்பைக் கொல்லக் கூடாது, தொல்லை தரும் சிற்றெறும்பைக் கொல்லலாம் என்று ஷாஃபிஈ நூல்களிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எரிப்பதற்கு அங்கும் இடமில்லை. தொல்லை கொடுப்பதைத் தடுப்பதற்கும், தொல்லையே தராத ஆயிரம் உயிர்களின் இருப்பிடத்தைத் துடைத்தெறிவதற்கும் வேறுபாடு உண்டு.

இருப்பிடம் என்றவுடன் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் மையவாடிக்குப் போனால் போதும். உலகிலுள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை நாம் அறிந்த கூட்டுத் தேனீக்களைப் போன்றவை அல்ல. தனித்தனியே மண்ணைத் துளைத்து முட்டையிடுபவை. அவற்றுக்குத் திறந்த மண் வேண்டும், அருகில் பூ வேண்டும். இரண்டும் கபருகளின் மேலும் அவற்றின் ஓரத்துப் புதர்களிலும் கிடைக்கின்றன. ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கபருஸ்தானில் உள்ள பச்சைப் புல்லையும் செடியையும் வெட்டுவது மக்ரூஹ், காய்ந்ததை அகற்றலாம் என்று எழுதுகிறார்கள். பச்சையாக இருக்கும் வரை அது தஸ்பீஹ் செய்கிறது என்பதே அவர்கள் கூறும் காரணம்.

சுத்தம் என்ற பெயரில் களைக்கொல்லி அடித்து, நடைபாதைக்கு வேண்டியதற்கு மேலும் சிமெண்டு பூசும் வேலைக்கு ஜமாஅத் கூட்டத்தில் தீர்மானம் வரும்போது, பாதையை மட்டும் போடுவோம், மற்ற மண்ணை மண்ணாகவே விடுவோம் என்று ஒருவர் எழுந்து சொல்வதற்கு இந்த ஒரு மஸ்அலாவே போதுமான ஆதாரம்.