பொறுத்தலும் மறைத்தலும்

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் ஊர்களிலிருந்து மேற்படிப்புக்காகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் செல்லும் மாணவ மாணவியர் பலர். பொழுது சாயுமுன் உண்டு பழகிய பிள்ளைக்கு, விடுதியில் விளக்கு வைத்த பின்னரே உணவு கிடைக்கிறது. மாலையிலேயே அவலும் பழமும் உண்டு அமைபவரும் உளர். பெற்றோர் இதனை எண்ணியே பெரிதும் கவலையுறுகின்றனர். ஆயின், பசியினும் கொடிய சோதனைகள் இரண்டு அங்கே காத்திருக்கின்றன.

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம், துறவியர் வெல்லவேண்டிய பரீஷஹங்கள் 22 எனத் தொகுத்துரைக்கிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் எனத் தொடங்கும் அவ்வரிசையில் 20ஆவது பிரஜ்ஞை. அதாவது, அறிவுடையேன் என்னும் செருக்கை வெல்லுதல். 21ஆவது அஜ்ஞானம்; முயன்றும் அறிவு கைகூடவில்லையே என்னும் சோர்வை வெல்லுதல். இவை அடுத்தடுத்து நிற்பது சிந்திக்கத்தக்கது.

ஊர்ப் பள்ளியில் முதல்வனாக விளங்கியவன், முதல்வர்களே நிறைந்த வகுப்பில் சென்று அமர்கிறான். ஆங்கிலத்தில் நிகழும் பாடம் பாதியே விளங்குகிறது. முதற்பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறுகிறான். நேற்றைய செருக்கே இன்று சோர்வாக மாறுகிறது. வீட்டாரிடமோ, "நன்றாகப் படிக்கிறேன்" என்று கூறிவிடுகிறான். துன்பத்தைத் தானே பொறுத்துக்கொள்வதாக அவன் எண்ணம்.

பொறுத்தல் வேறு, மறைத்தல் வேறு. நெறியினின்று வழுவாமைக்கும் வினை உதிர்வதற்குமே பரீஷஹங்களைப் பொறுக்கவேண்டும் என்கிறது அந்நூல். மறைப்பவனோ வாய்மை நெறியினின்று வழுவுகிறான். அதே அத்தியாயம் கழுவாய்களை எண்ணுகையில் ஆலோசனையை, அதாவது குற்றத்தைக் குருவிடம் ஒளியாது உரைத்தலை, முதலில் வைக்கிறது. துறவியர்க்குரிய விரதங்களை மாணவர்மேல் சுமத்துவது நம் கருத்தன்று. ஆயினும், கடுந்தவம் புரிவோர்க்கே ஒளியாது உரைத்தல் வேண்டுமெனில், 18 வயதுப் பிள்ளை ஆசிரியரிடம் சென்று "விளங்கவில்லை" என்று கூறுவது இழுக்காகுமோ? மீண்டும் மீண்டும் கேட்டுத் தெளிவதும் விடாமுயற்சியே.

பெற்றோர்க்கும் இதில் கடமை உண்டு. உண்மை உரைத்த பிள்ளையைச் சினந்தால், மறுமுறை உண்மை நம்மிடம் வாராது. மதிப்பெண்ணைக் கேட்குமுன், எப்பாடம் கடினமாயிருக்கிறது என்று கேட்போமாக. தவறிய தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறலாம். வீட்டாரிடம் உண்மை பேசும் துணிவை ஒருமுறை இழந்துவிட்டால், அதனை மீட்பது எளிதன்று.