இடம் மாறிய பொத்தான்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை, மாசி வாக்கில்தான் மறுபடி பாத்தி மிதிப்பார்கள். இடைப்பட்ட அந்த மாதங்களில் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் சேரும். சாதிச் சான்று, நல வாரியப் பதிவு, நிவாரண மனு என்று ஆளுக்கொரு காகிதம். அப்படியொரு கடையில் கணினியின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஏறியிருந்தது. வருஷக்கணக்காக அங்கே வேலை பார்க்கும் அக்கா, நகலெடுக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற பெரியவர், "ஏம்மா, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். அக்கா பதில் சொல்லவில்லை.

அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் எந்த மூலை, மேலிருந்து எத்தனையாவது வரி என்று அத்தனையும் அவர் கைக்கு மனப்பாடம். அவருக்கு இடம்தான் எழுத்து. அந்த இடத்தை மாற்றியவர்கள் அவர் படித்த படிப்பையே ஒரே இரவில் பறித்துவிட்டார்கள். அவருடைய தடுமாற்றத்தைப் 'பழக்கதோஷம்' என்று சொல்லி ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்" என்பது மென்பொருள் உலகில் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 1995 முதல் கோடிக்கணக்கான கைகள் தேடிப்போன ஸ்டார்ட் பொத்தானை, 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 எடுத்துவிட்டது. தொடுதிரையை மனதில் வைத்து, திரை முழுக்கப் பெரிய கட்டங்களை அடுக்கியது. உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. மறு வருடமே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது; பழைய ஸ்டார்ட் மெனு திரும்ப 2015இல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது.

லினக்ஸ் பக்கம் வேறு கதை. 2011இல் க்னோம் என்ற திரைமுகப்பு அதன் 3ஆம் பதிப்பில் அடியோடு மாறியபோது, பிடிக்காதவர்கள் பழைய நிரலை எடுத்து 'மாத்தே' என்ற பெயரில் தாங்களே வளர்த்தார்கள். இன்றைக்கும் அது புழக்கத்தில் இருக்கிறது. நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளின் பெரிய கொடை அது. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர்களால்தான் அப்படிப் பிரிந்துபோக முடிந்தது. ஜெராக்ஸ் கடை அக்கா எங்கே போவார்?

உப்பளத்தில், அடியிலிருக்கும் சேறு கலங்காமல் உப்பை மட்டும் பலகையால் இழுக்கும் பக்குவம், பாத்தியில் நின்று நின்றுதான் கைக்கு வருகிறது. அந்தப் பலகையின் பிடியை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவைப்பதில்லை. கணினியில் மட்டும் அதுவே நடைமுறையாகிவிட்டது. மாற்றுகிறவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. தாமதம், அவமானம், வரிசையில் நிற்பவர்களின் எரிச்சல் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகின்றன.

மாற்றமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். செல்போனில் விரல் பழகிய பிள்ளைகளுக்குப் பழைய மெனுக்கள் சிக்கலாகத் தெரியலாம். அவர்களுக்குப் புதியது தேவை. பழையதும் சில ஆண்டுகள் கூடவே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். எது வேண்டும் என்ற கேள்வியை அமைப்புகளுக்குள் எங்கோ ஒளித்துவைக்காமல் முதல் திரையிலேயே கேட்க வேண்டும், அதுவும் தமிழில்.